இருதய வால்வும் பற்சுகாதாரமும்: ஒரு சமூக நோக்கு

நோய் தனிமனிதரின் உடலைத் தாக்குவது. ஆயின் அது தோன்றும் சூழலும் தடுக்கப்படும் வகையும் சமூகத்தைச் சார்ந்தன. இருதய வால்வு பழுதுற்றோரின் பற்சிகிச்சை இதற்குத் தக்க சான்றாகும்.

பல் பிடுங்கப்படும்பொழுது வாயில் வாழும் ஸ்ரெப்ரோகொக்கசு வகைப் பற்றீரியாக்கள் இரத்தத்திற் கலக்கின்றன என்பதை ஓக்கெல், எலியற் ஆகிய இருவரும் 1935இல் எடுத்துக்காட்டினர். பெரும்பாலோரில் அவை விரைவில் அழிந்துவிடும். பழுதுற்ற வால்விலோ செயற்கை வால்விலோ தங்கிப் பெருகுமாயின், இருதய அகவுறை அழற்சி எனும் உயிராபத்தான நோய் உண்டாகும். இதனாலேயே அமெரிக்க இருதயக் கழகம் 1955இல், சிகிச்சைக்கு முன்னர் நுண்ணுயிர்க்கொல்லி வழங்குமாறு பரிந்துரைத்தது.

2007இல் அக்கழகம் இப்பரிந்துரையைப் பெரிதும் சுருக்கியது. பல் துலக்கும்பொழுதும் உணவை மெல்லும்பொழுதும் பற்றீரியாக்கள் இரத்தத்தை அடைகின்றன. எப்போதோ நிகழும் பல்பிடுங்கலினும் அன்றாடம் நிகழும் இக்கலப்பே மொத்தத்தில் மிகுதி என்பது அதன் வாதம். ஆதலின் செயற்கை வால்வு உடையோர், முன்னர் இவ்வழற்சிக்கு ஆளானோர், சிலவகைப் பிறவி இருதயக் குறைபாடு உடையோர் முதலிய சிலருக்கே மருந்து விதிக்கப்பட்டது. பெனிசிலின் ஒவ்வாத நிலை இல்லாத வளர்ந்தோர்க்கு, முரசைத் தொடும் சிகிச்சைக்கு 30 முதல் 60 நிமிடம் முன்னர் 2 கிராம் அமொக்சிசிலின் என்பதே வழமையான அளவு.

வாதக்காய்ச்சலால் வால்வு பழுதுற்றோர் இப்பட்டியலிற் பொதுவாக இடம்பெறவில்லை என்பது மனங்கொள்ளத்தக்கது. இக்காய்ச்சல் நெரிசலான குடியிருப்புகளிலும் வைத்திய வசதி குன்றிய சமூகங்களிலும் மிகுதியாகக் காணப்படுவது. வறுமையின் நோய் எனலாம். அவுஸ்திரேலியாவிலோ, 2008இல் வெளியான வழிகாட்டல் ஆதிக்குடிகளுள் இந்நோயுடையோரை மருந்துக்குரியோர் பட்டியலிற் சேர்த்தது. அந்நாட்டின் ஏனையோர்க்கு அது பொருந்தவில்லை. பழுது ஒன்றாயினும் வாழ்நிலை வேறாதலின் விதியும் வேறாயிற்று. வைத்திய விஞ்ஞானமே இங்கு சமூக ஏற்றத்தாழ்வைக் கணக்கிற் கொள்ள நேர்ந்தது.

இவற்றிலிருந்து பெறப்படுவது யாது? ஒருவேளைக் குளிசையினும் நாள்தோறும் பேணப்படும் முரசே வால்வுக்கு உறுதியான காவல். துலக்கும்பொழுது இரத்தம் கசிகிறதெனத் துலக்காது விடுதல் தவறு. அக்கசிவு முரசுநோயின் அறிகுறி. நோயாளர் தம் இருதய நிலையைப் பல்வைத்தியருக்கு முன்கூட்டியே அறிவித்தலும், வால்வுச் சத்திரசிகிச்சைக்கு முன்னர் வாய்நோய்களைத் தீர்த்துக்கொள்ளுதலும் இன்றியமையாதன. ஆயினும் ஒழுங்கான பற்பரிசோதனை கூலி இழப்பின்றிக் கிட்டாத உழைப்பாளிக்கு அறிவுரை மட்டும் போதாது. வாய்நலத்தை வசதியுடையோரின் அலங்காரமாகக் கருதும் மனப்பாங்கு நீங்கி, பற்சிகிச்சை இருதய சிகிச்சையின் பிரிக்கவியலாத கூறாக எல்லோர்க்கும் கிடைத்தல் வேண்டும்.