எஞ்சின் தட்டும் ஓசை

இயங்கும் பொருள்கள் யாவும் ஒலியுடையன. செக்கும் தறியும் தத்தமக்குரிய ஓசையோடு தொழில் செய்கின்றன. பழகிய செவி அதனைப் பொருட்படுத்துவதில்லை. அவ்வோசையினிடையே புதியதொன்று எழுமாயின், அஃது ஏதோவொரு குறையை அறிவிப்பதாகும். மோட்டார் வண்டியின் எஞ்சினில் எழும் தட்டும் ஓசை அத்தகையது. அதன் வகைகளையும், காரணம் காணும் முறையையும், தீர்க்கும் வழியையும் யாம் அறிந்த அளவில் ஈண்டு எழுதப் புகுகின்றோம்.

இலக்கியம் பயிலும் எமக்கு இப்பொருளில் ஈடுபாடு உண்டான வரலாறு இது. எம் சிறிய தந்தையார் பழைய பெட்ரோல் பிக்கப் வண்டியொன்றில் வாழைத்தார் ஏற்றிச் சந்தைக்குக் கொண்டு செல்பவர். அவர் குடும்பத்திற்கு வேறு வருவாய் இல்லை. சென்ற கோடை விடுமுறையில் அவ்வண்டியின் எஞ்சினில் ‘டொக், டொக்’ என ஓர் ஓசை எழுந்தது. கெட்டியான ஆயிலை ஊற்றினால் அடங்கிவிடும் என்றார் ஒருவர். ஊற்றினோம்; ஓசை தணிந்தது; மகிழ்ந்தோம். பத்து நாள் கழிந்தபின் அது முன்னினும் உரத்து மீண்டது. எஞ்சினையே மாற்ற வேண்டும் என்றார் பிறிதொருவர். அதற்கு வேண்டும் பொருள் எவரிடமும் இல்லை. ஆதலின் வண்டியைக் கயிறு கட்டி இழுத்து, முதிய மெக்கானிக் ஒருவரிடம் சென்றோம்.

அவர் எஞ்சினை ஓட்டிக் காட்டச் சொல்லவில்லை. முதலில் ஆயில் அளவு காட்டும் கம்பியை உருவிப் பார்த்தார். ஆயில் கீழ்க்கோட்டிற்கும் தாழ இருந்தது. எச்சரிக்கை விளக்கோ பழுதுற்றுப் பல நாளாயிற்று. “தம்பி, ஓசையை அடக்கப் பாராதே, அஃது என்ன சொல்லுகிறது என்று முதலிற் கேள்” என்றார். பின்னர் ஓசையின் வகைகளை எமக்கு விளக்கினார்.

எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது எழுந்து, சூடேறியதும் குறையும் ஓசை, தேய்ந்த சிலிண்டரின் சுவரில் பிஸ்டன் மோதுவதால் உண்டாவது. மேற்புறத்தில் மெல்லெனத் தட்டுவது பெரும்பாலும் வால்வுகளின் ஓசை. கிராங்க் இருமுறை சுழல வால்வுகளை இயக்கும் தண்டு ஒருமுறையே சுழலுமாதலின், அவ்வோசையின் கதி பாதியாயிருக்கும். பாரத்தோடு மேடேறும்போது உலோக மணிகளைக் குலுக்கினாற்போற் கேட்பது பெட்ரோல் எரிவதில் உள்ள குறை. அடிப்புறத்திலிருந்து ஆழ்ந்து எழுந்து, பாரம் மிகுந்தோறும் மிகுவது பேரிங்கின் ஓசை. இஃது எல்லாவற்றினும் கொடியது. தளர்ந்த புகைக்குழாயும் இவ்வாறே ஒலித்து ஏமாற்றுமாதலின், எஞ்சினைப் பிரிக்குமுன் வெளியுறுப்புகளை ஆராய்தல் வேண்டும்.

பேரிங் ஏன் ஒலிக்கின்றது? பிஸ்டனின் விசையைக் கனெக்டிங் ராடு என்னும் தண்டே கிராங்கிற்குச் செலுத்துகின்றது. இரண்டும் கூடுமிடத்தில் பேரிங் உள்ளது. அங்குள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டரை நூறாகப் பகுத்தால் அவற்றுட் சில பங்கே. அவ்விடத்தை ஆயில் நிரப்பி, உலோகம் உலோகத்தைத் தீண்டாது காக்கின்றது. ஆயில் குன்றின் பேரிங் தேயும், இடைவெளி பெருகும், வெடிப்புத்தோறும் தண்டு கிராங்கின்மேல் மோதும்.

மெக்கானிக் ஆயிலை நிரப்பிச் சிறிது நேரம் மட்டும் எஞ்சினை மெதுவாக ஓட்டினார். நீண்ட திருப்புளியின் நுனியை எஞ்சினின் மேல் வைத்து, கைப்பிடியைச் செவியோடு சேர்த்துக் கேட்டார். 1816 இல் பிரெஞ்சு மருத்துவர் லென்னெக் தாளைச் சுருட்டி நோயாளியின் மார்பொலி கேட்டதும் இத்தகைய முறையே. பின்னர் நான்கு பிளக்குகளுக்குச் செல்லும் மின்சாரத்தை ஒவ்வொன்றாக நிறுத்தினார். மூன்றாவதை நிறுத்தியதும் ஓசை தணிந்தது. வெடிப்பு நின்றமையால் அத்தண்டின்மேல் விசை இல்லையாயிற்று. எனவே குறை அங்குள்ளது என்பது தெளிவாயிற்று.

அடித்தொட்டியைக் கழற்றியபோது ஆயிலில் உலோகத் துகள்கள் மின்னின. மூன்றாம் பேரிங் தேய்ந்திருந்தது. கிராங்கை அளந்து நோக்கினார், அது சிதையவில்லை. இன்னும் சில மைல் ஓட்டியிருப்பின் அதுவும் அழிந்திருக்கும் என்றார். நான்கு பேரிங்குகளையும் மாற்றினார். அதனோடு அமையாது, ஆயில் எவ்வழிக் குறைந்தது எனத் தேடினார். வடிகட்டியின் ரப்பர் வளையம் வெடித்து, ஆயில் சிறிது சிறிதாகக் கசிந்திருந்தது. சில ரூபாய் பெறும் அவ்வளையமே ஒரு குடும்பத்தின் பிழைப்பை அழிக்க இருந்தது!

பெட்ரோலால் எழும் ஓசைக்கும் ஒரு வரலாறு உண்டு. தீப்பொறியாற் பிறந்த சுடர் சிலிண்டரில் ஒழுங்காகப் பரவுதல் வேண்டும். எஞ்சிய கலவை, சுடர் எய்துமுன் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் தானே வெடிப்பின் ஓசை எழும். 1921 இல் அமெரிக்காவில் தாமஸ் மிட்ஜ்லி என்பார் ஈயக் கூட்டுப்பொருளொன்றைப் பெட்ரோலிற் சிறிது கலந்து அதனை நிறுத்தினார். எஞ்சினின் ஓசை நின்றது. ஆனால் நஞ்சு புகையோடு காற்றிற் கலந்தது. 1924 இல் அப்பொருளைச் செய்த தொழிலாளர் சிலர் ஈய நஞ்சால் மாண்டனர். எனினும் அதன் வழக்கு உலகெங்கும் பரவிற்று. இந்தியா 2000 ஆம் ஆண்டில் அதனை ஒழித்தது. இறுதியாக 2021 இல் அல்ஜீரியா நாட்டில் கார்களுக்கு அது விற்கப்படுவது நின்றது. இக்காலத்தில் தக்க ஆக்டேன் எண்ணுடைய பெட்ரோலை இடுதலும், படிந்த கரியை நீக்குதலும், தீப்பொறி எழும் நேரத்தைத் திருத்துதலுமே இவ்வோசைக்கு மருந்தாகும்.

யாம் ஊற்றிய கெட்டி ஆயிலும் ஓசையை மட்டுமே மறைத்தது. அம்மறைவில் பேரிங் பத்து நாள் தேய்ந்தது. ஆதலின் தட்டும் ஓசை கேட்டவுடன் வண்டியை நிறுத்துக. ஆயிலின் அளவைப் பார்க்க. ஓசை எப்பொழுது, எவ்விடத்து, எக்கதியில் எழுகின்றது என்று ஆராய்க. அது பகையன்று, குறை முற்றுமுன் வந்து கதவைத் தட்டும் தூதாகும். சிறிய தந்தையாரின் வண்டி இப்பொழுது நாள்தோறும் சந்தைக்குச் செல்கின்றது. புறப்படுமுன் ஆயில் அளவு காட்டும் கம்பியை உருவிப் பார்க்க அவர் மறப்பதில்லை.