மலப் பரிசோதனைக்கு வெட்கம் வேண்டாம்



நீண்ட நாள் வயிற்றுவலி, அடிக்கடி வயிற்றோட்டம் என்று குடும்ப வைத்தியரிடம் போனால், சிறிய குழாய் ஒன்றைத் தந்து "ஸ்ரூல்புறோப" கொண்டு வரச் சொல்வார். எம்மவரில் சிலர் வெட்கத்தினால் அதைத் திருப்பிக் கொண்டு வருவதில்லை. அந்தக் குழாயில் என்ன தேடுகிறோம் என்பதை இம்முறை பார்ப்போம்.

தேடுவது கல்புரொற்றெக்ரின் என்ற புரதத்தை. கல்சியத்தைப் பிடித்து வைத்திருக்கும் இப்புரதம், கிருமிகளுடன் போராடும் நியூத்திரோபில் என்னும் வெண்குருதிக் கலங்களில் நிறைய உண்டு. அக்கலங்களில் கரைந்துள்ள புரதத்தில் ஏறத்தாழ அரைவாசி இதுதான். குடலில் அழற்சி ஏற்பட்டால் இக்கலங்கள் அங்கே திரளும். அவற்றிலிருந்து வெளிவரும் கல்புரொற்றெக்ரின் மலத்துடன் கலக்கும். குடலிலுள்ள பக்றீரியாக்களால் அது இலகுவில் சிதைவதில்லை. 1980இல் நோர்வேயில் மாக்னே பாகர்ஹோல் குழுவினர் இப்புரதத்தைப் பிரித்தெடுத்தனர். 1992இல் அதை மலத்தில் அளக்கும் முறையும் அங்கிருந்தே வந்தது.

அளப்பதற்கு உதவுவது பிறபொருளெதிரி. எமது உடல் கிருமிகளுக்கு எதிராக உண்டாக்கும் பொருள் இது. ஒரு பூட்டுக்கு ஒரு திறப்பு என்பதுபோல, ஒவ்வொன்றும் தனக்குப் பொருந்துவதையே பற்றும். ஒரே வகைப் பிறபொருளெதிரியை வேண்டிய அளவு உண்டாக்கும் வழியை, மூனிச்சில் பிறந்த ஜோர்ஜ் கோலரும் சேசார் மில்ஸ்ரைனும் 1975இல் கேம்பிரிட்ஜில் கண்டறிந்தனர். 1984இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அந்த வழியில் யேர்மனியின் மூன்ஸ்ரர் நகரில் கிளெமென்ஸ் சோர்க் குழுவினர் உருவாக்கி, 1986இல் வெளியிட்டது 27E10 என்ற பிறபொருளெதிரி. கல்புரொற்றெக்ரினின் இரு பகுதிகளும் இணைந்திருக்கும்போது மட்டுமே அது பற்றும் என்பது பின்னர் தெரியவந்தது. அழற்சியில் இப்புரதத்தின் பங்கை ஆராய இது பெரிதும் உதவியது. ஆராய்ச்சிக்கென விற்கப்படும் பிறபொருளெதிரிகளை வைத்து நோயாளிக்கு முடிவு சொல்வதில்லை. அதற்கெனத் தனியாகச் சோதித்து அங்கீகரிக்கப்பட்ட பரிசோதனைகளையே ஆய்வுகூடங்கள் பயன்படுத்துகின்றன.

ஒரு கிராம் மலத்தில் 50 மைக்கிரோகிராமுக்குக் குறைவு என்றால் குடல் அழற்சி இருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. பெரும்பாலும் அது "றைஸ்டார்ம்" எனப்படும் உணர்திறன் கூடிய குடலாக இருக்கும். பலருக்குக் குடலுக்குள் கமெரா விட்டுப் பார்க்கும் பரிசோதனையே தேவைப்படாது. அளவு மிகவும் கூடியிருந்தால் குரோன், கொலிற்றிஸ் உல்செறோசா ஆகிய நோய்களைத் தேட வேண்டும். சற்றே கூடியிருந்தால் சில வாரங்களில் மீண்டும் அளப்போம். கிருமித்தொற்றும், இபுபுறோபன், டிக்ளோபெனாக் போன்ற வலி மாத்திரைகளும் அளவைக் கூட்டும். மூட்டு வலிக்கோ தலையிடிக்கோ கடையில் வாங்கிப் போட்டதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

இது எமக்கு ஏன் முக்கியம்? தெற்காசியாவிலிருந்து மேற்கு நாடுகளுக்கு வந்தவர்களிடமும் அவர்களது பிள்ளைகளிடமும் கொலிற்றிஸ் உல்செறோசா குறைவில்லை என்பதைப் பிரித்தானியாவின் லெஸ்ரர் நகர ஆய்வுகள் காட்டின. நாமோ "உடம்புச் சூடு", "மூலம்" என்று மாதக் கணக்கில் விட்டுவிடுகிறோம். பிள்ளை மெலிந்தால், வளர்ச்சி குறைந்தால், இரவில் வயிற்றோட்டத்தால் எழும்பினால் தாமதிக்க வேண்டாம். தாமதித்தால் குடல் ஒடுங்கி, சத்திரசிகிச்சை வரை போகலாம்.

இன்னொன்றையும் மறக்க வேண்டாம். இது புற்றுநோய்ப் பரிசோதனை அல்ல. 50 வயதிலிருந்து மலத்தில் மறைந்துள்ள இரத்தத்தைத் தேடும் பரிசோதனை வேறு. அதிலும் பிறபொருளெதிரியே வேலை செய்கிறது. ஆனால் அது பற்றுவது குருதியின் ஈமோகுளோபினை. ஒன்று நல்லபடி வந்தது என்று மற்றதைத் தவிர்க்கக் கூடாது. இரத்தம் கண்ணுக்கே தெரிந்தால் எந்த வயதிலும் உடனே வைத்தியரிடம் செல்லுங்கள்.

பிள்ளைகளை மொழிபெயர்ப்புக்கு அழைத்துச் சென்று இதைப் பேசக் கூச்சமாக இருந்தால், இரண்டு சொற்கள் போதும்: வயிற்றோட்டத்துக்கு "டுர்ஹ்பால்", மலத்தில் இரத்தத்துக்கு "புளூட் இம் ஸ்ரூல்". மிகுதியை வைத்தியர் கேட்டுக்கொள்வார்.