தொழிற்சாலையில் சுயராஜ்யம்

பார்லிமெண்டுக்குப் பிரதிநிதியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை தொழிலாளிக்கு உண்டு; தனக்குத் தினந்தோறும் கட்டளையிடும் மேஸ்திரியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை இல்லை. இதற்கு ஜனநாயகம் என்று பெயரா? இந்தக் கேள்வியை ஓயாமல் கேட்டவர் ஆங்கிலச் சமதர்மவாதி ஜி. டி. எச். கோல்.

1889-இல் பிறந்த கோல் ஆக்ஸ்போர்டில் கற்றவர். 1944 முதல் அந்தச் சர்வகலாசாலையிலேயே பேராசிரியராகவும் விளங்கினார். ஆயினும் அவர் மனம் தொழிற் சங்கங்களிலேயே லயித்திருந்தது. 1917-இல் வெளியிட்ட 'தொழிலில் சுயாட்சி' என்ற நூலில் தம் சித்தாந்தத்தை விளக்கினார்.

சமூகத்தின் மூல வியாதி வறுமை என்றே பலரும் கருதினர். கோல் அதை ஒப்பவில்லை. வறுமை வியாதியின் குறிதான். அடிமைத்தனமே வியாதி என்றார். கூலியை உயர்த்தினால் மட்டும் அது தீராது. அரசாங்கம் ஆலையை வாங்கிக் கொண்டாலும் தீராது; எஜமானன் மாறுவானே தவிர, எஜமானத்துவம் மாறாது.

அவர் கூறிய மருந்து இது: தொழிற்சாலைகள் பொதுச் சொத்தாக வேண்டும், நிர்வாகம் கில்டுகளிடம் இருக்க வேண்டும். கூலியாள், குமாஸ்தா, என்ஜினீயர் என்று ஒரு தொழிலில் உழைக்கும் யாவரும் சேர்ந்த ஸ்தாபனமே கில்டு. மேஸ்திரியை அவன் கீழ் வேலை செய்வோரே தேர்ந்தெடுப்பர். சரக்கை வாங்கும் ஜனங்களுக்கும் தனிப் பிரதிநிதித்துவம் உண்டு. ஆகவே கில்டு தன் இஷ்டப்படி விலை வைக்க இயலாது.

இதெல்லாம் ஏட்டுச் சுரைக்காய் என்போர் உண்டு. 1920-இல் மான்செஸ்டரில் கட்டடத் தொழிலாளர் கில்டு அமைத்து, நகரசபைகளுக்கு வீடு கட்டிக் கொடுத்தனர். மழையால் வேலை நின்றாலும், நோயில் படுத்தாலும் கூலி நிற்கவில்லை. லாபத்தை எடுத்துச் செல்லும் முதலாளியும் இல்லை. ஆனால் 1921-இல் அரசாங்கம் வீட்டுத் திட்டத்தைச் சுருக்கிற்று. சொந்த மூலதனமின்றிக் கடனை நம்பிய கில்டு 1923-க்குள் சரிந்தது. நிர்வாகக் குறைகளும் இருந்தன. ஆயினும், கொத்தனுக்கு வீடு கட்டத் தெரியவில்லை என்பதல்ல இதன் படிப்பினை. பணப்பெட்டியின் சாவி பிறரிடம் இருக்கும்போது சுயாட்சி நிலைக்காது என்பதே.

1947 ஜனவரி 1-இல் பிரிட்டிஷ் நிலக்கரிச் சுரங்கங்கள் தேசவுடைமையாயின. நிர்வாகம் அரசாங்கம் நியமித்த வாரியத்திடம் சென்றது. மேலதிகாரியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை சுரங்கத் தொழிலாளிக்கு வரவில்லை. முப்பது வருஷங்களுக்கு முன்பே கோல் எச்சரித்தது இதைத்தான்.

கோல் 1959-இல் காலமானார். அவர் எழுப்பிய கேள்வி இன்னும் விடையின்றி நிற்கிறது. சட்டசபையில் பெறும் சுயராஜ்யம் ஆலை வாசலில் நின்றுவிடுமானால், அது பாதிச் சுயராஜ்யமே. தொழிலாளர் தலைவர்கள் கூலி உயர்வு கேட்கும்போதெல்லாம் நிர்வாகத்தில் பங்கும் கேட்க வேண்டும். வோட்டுக் கேட்டு வரும் கட்சிகள் அதற்கு விடை சொல்ல வேண்டும்.