குடற்சுவரின் கசிவைக் காணும் கருவி

நம் குடலின் உட்சுவர் எவ்வளவு கனம் இருக்கும்? குடலைப் பார்த்தால் ரப்பர் குழாய் மாதிரி தடிப்பாகத்தான் தெரியும். ஆனால் உண்ட உணவையும் கோடானுகோடி நுண்ணுயிர்களையும் உடம்புக்குள் நுழையவிடாமல் முதலில் தடுத்து நிற்பது ஒரே ஒரு வரிசை உயிரணுக்கள். அவை ஒன்றோடொன்று இறுக ஒட்டி நிற்கின்றன. சில நாட்களுக்குள் பழையவை உதிர்ந்து புதியவை வந்துவிடும். உதிர்ந்த இடம் உடனே அடைபடாவிட்டால் அங்கே கசிவு உண்டாகும்.

சாதாரண கொலனோஸ்கோப்பியில் டாக்டருக்குத் தெரிவது நிறம், வீக்கம், புண் ஆகியவைதான். துணி வியாபாரிகளுக்கு நான் சொல்வது புரியும். கைக்கு வழவழவென்று இருக்கிற துணியில்கூட, நூல் எண்ணும் கண்ணாடியை வைத்தால்தான் இழை விலகியது தெரியும். குடலுக்கு அப்படிப்பட்ட கண்ணாடிதான் கான்ஃபோகல் லேசர் எண்டோமைக்ராஸ்கோப்பி. ஜெர்மனியில் மைன்ஸ் நகரத்து கீஸ்லிஷ் குழுவினர் 2004இல் இதைப் பற்றி எழுதினர். கண் டாக்டர்கள் விழித்திரையைப் படமெடுக்கப் போடும் புளூரசீன் என்ற மஞ்சள் சாயத்தை நரம்பில் ஏற்றுகிறார்கள். நீல லேசர் ஒளி பட்டதும் சாயம் மின்னும், உயிரணுக்கள் சுமார் ஆயிரம் மடங்கு பெரிதாகத் தெரியும். சுவர் கெட்டியாக இருந்தால் சாயம் உள்ளேயே நிற்கும். சந்து இருந்தால் குடற்குழிக்குள் பீறிட்டு வரும். அன்று தோலும் சிறுநீரும் மஞ்சளாகும், பயப்பட வேண்டாம். அபூர்வமாகச் சிலருக்கு ஒவ்வாமை வருவதுண்டு.

இதனால் என்ன பயன்? அல்சரேட்டிவ் கொலைட்டிஸ், க்ரோன்ஸ் நோய் உள்ளவர்கள் இரத்தப்போக்கு நின்றதும் "சரியாப் போச்சு"ன்னு மாத்திரையை விட்டுவிடுகிறார்கள். நோய் அடங்கியிருந்த 58 பேரை இதே குழுவினர் இப்படிப் பார்த்து, ஓராண்டு கவனித்து, 2012இல் முடிவை வெளியிட்டார்கள். கசிவு கண்டவர்களுக்கே நோய் அதிகம் திரும்பியது. ஆனால் நோய் திரும்பியவர்களில் 100க்குச் சுமார் 62 பேரையே சோதனை முன்கூட்டிக் காட்டியது. ஆகவே கசிவு தெரியவில்லை என்று மருந்தை நிறுத்துவதும் தப்பு.

நம் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் குழந்தைகளின் குடலை ஆராய்ந்தவர்கள் கையாண்டது வேறு வழி. லாக்டுலோஸ், மானிட்டால் என்று இரண்டு சர்க்கரையைக் குடிக்கக் கொடுத்துச் சிறுநீரில் அளப்பார்கள். சிறியதான மானிட்டால் குடலைக் கடந்து போகும். பெரிய லாக்டுலோஸ் அதிகமாகப் போயிருந்தால் சுவர் விட்டுக்கொடுத்திருக்கிறது என்று பொருள். கத்தியோ குழாயோ வேண்டாம். ஆனால் எந்த இடத்தில் ஓட்டை என்பதை அது சொல்லாது.

இங்கே லோத்குண்டாவிலும் 'லீக்கி கட்' என்று சொல்லிப் பொடியும் கேப்ஸ்யூலும் வாங்குகிறவர்கள் உண்டு. (பல கேப்ஸ்யூல் உறைகள் விலங்கின் எலும்பு, தோலிலிருந்து எடுத்த ஜெலட்டின் என்பதை நம்மவர்கள் கேட்பதே இல்லை.) ஒருத்தருக்காவது கசிவை அளந்து பார்த்து விற்றதாக நான் கேள்விப்படவில்லை. லேசர் சோதனையும் எல்லா ஊரிலும் கிடைக்காது, செலவும் அதிகம். குடல் அழற்சிக்கு மருந்து சாப்பிடுகிறவர்கள் டாக்டரிடம் கால்புரோடெக்டின் என்ற மலச் சோதனையைப் பற்றிக் கேட்கலாம். அது கசிவைக் காட்டாது, அழற்சி அடங்கியதா என்பதைக் காட்டும்.