போன் 'செங்கல்' ஆயிடுச்சா? பதறாதீங்க... மீட்க வழி இருக்கு! முழு விவரம்

"மச்சி, போன் செங்கல் ஆயிடுச்சுடா!"

"லோகோ வருதா?"

"வருது, திரும்பத் திரும்ப வருது."

"அப்போ சாகல. பொறு, பாத்துக்கலாம்."

ஸ்மார்ட்போனை நோண்டிப் பார்க்கும் இளைஞர்கள் மத்தியில் இந்தப் பேச்சு சகஜம். மென்பொருளை மாற்றும்போது ஏதோ தவறாகி, போன் வேலை செய்யாமல் போவதைத்தான் 'பிரிக்', அதாவது செங்கல் என்கிறார்கள். கேலிப் பேச்சு போலத் தெரிந்தாலும் "லோகோ வருதா?" என்ற கேள்விதான் முதல் பரிசோதனை.

ஏன் நோண்டுகிறார்கள்?

பல போன்களுக்குச் சில ஆண்டுகளில் பாதுகாப்பு அப்டேட் நின்றுவிடுகிறது. போன் நன்றாக இருக்கும், மென்பொருள்தான் பழசாகிவிடும். அதற்குப் பதில் 'கஸ்டம் ராம்' எனப்படும் மாற்று மென்பொருளைப் போடலாம். 2009-ல் தொடங்கிய சயனோஜென்மோட் இதில் பிரபலம். 2016 டிசம்பரில் அது நிறுத்தப்பட்டதும், அதன் தொடர்ச்சியாக லினியேஜ் ஓஎஸ் வந்தது.

டேட்டா ஏன் அழிகிறது?

மாற்று மென்பொருள் போட, முதலில் 'பூட்லோடர்' பூட்டைத் திறக்க வேண்டும். போன் ஆன் ஆகும்போது எந்த மென்பொருளை அனுமதிக்கலாம் என்று முடிவு செய்யும் காவலாளி இது. பூட்டைத் திறந்ததும் போனில் உள்ள படங்கள், சாட் எல்லாம் அழிந்துவிடும். இது கோளாறு அல்ல. திருடன் பூட்டைத் திறந்து உங்கள் தகவல்களை எடுத்துவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு.

செங்கலில் 2 வகை

சாஃப்ட் பிரிக்: லோகோ வரும், அதற்கு மேல் போகாது. பல போன்களில் பவர் பட்டனையும் வால்யூம் குறைக்கும் பட்டனையும் சேர்த்து அழுத்தினால் 'ஃபாஸ்ட்பூட்' திரை வரும். அது வந்துவிட்டால், சரியான மாடலுக்கான ஒரிஜினல் மென்பொருளைக் கணினி மூலம் ஏற்றிப் பெரும்பாலும் மீட்டுவிடலாம்.

ஹார்ட் பிரிக்: லோகோ, வைப்ரேஷன், சார்ஜ் ஏறும் அடையாளம் எதுவும் இருக்காது. பூட்லோடரே பழுதாகியிருக்கலாம். குவால்காம் சிப் உள்ள போனைக் கணினியில் இணைத்தால் சில நேரம் '9008' என்று காட்டும். சிப்புக்கு இன்னும் உயிர் இருக்கிறது என்று அர்த்தம். ஆனால் மீட்பதற்கு நிறுவனத்தின் கையெழுத்திட்ட கோப்பு தேவை என்பதால், சர்வீஸ் சென்டர்தான் பாதுகாப்பான வழி.

போன் உயிர் பெற்றாலும் உள்ளே இருந்த படங்கள் திரும்ப வரும் என்று சொல்ல முடியாது. இன்றைய போன்களில் டேட்டா குறியாக்கம் செய்யப்பட்டிருக்கும். அழிந்துவிட்டால் கடைக்காரராலும் எடுக்க முடியாது.

எங்கே தப்பு நடக்கிறது?

* ஒரே பெயரில் வரும் போனுக்கு நாட்டுக்கு நாடு மாடல் எண் மாறும். வேறு மாடலின் கோப்பைப் போட்டால் சிக்கல்.

* மென்பொருள் ஏறும்போது சார்ஜ் தீர்வது, கேபிளைப் பிடுங்குவது.

* மாற்று மென்பொருள் உள்ளே இருக்கும்போதே பூட்லோடரை மறுபடி பூட்டுவது. பல போன்கள் அத்தோடு ஆன் ஆகாது.

வங்கி ஆப் வேலை செய்யுமா?

போன் மாற்றப்பட்டிருக்கிறதா என்பதை கூகுளின் 'ப்ளே இன்டெக்ரிட்டி' சோதனை மூலம் ஆப்கள் அறிய முடியும். அதனால் சில வங்கி, யுபிஐ ஆப்கள் திறக்காமல் போகலாம். நாக்ஸ் பாதுகாப்பு உள்ள சாம்சங் போன்களில், அனுமதியில்லாத மென்பொருளை ஏற்றினால் உள்ளே ஒரு மின்னணு ஃபியூஸ் நிரந்தரமாக மாறிவிடும். பழைய மென்பொருளுக்குத் திரும்பினாலும் அது சரியாகாது. வாரண்டியும் போகலாம்.

தொடங்கும் முன்...

* படங்கள், தொடர்பு எண்கள், வாட்ஸ்அப் சாட் ஆகியவற்றை வேறு இடத்தில் சேமியுங்கள்.

* மாடல் எண்ணை செட்டிங்ஸில் சரிபாருங்கள்.

* ஒரிஜினல் மென்பொருளை முதலிலேயே கணினியில் இறக்கி வையுங்கள்.

* போதுமான சார்ஜ், நல்ல கேபிள் அவசியம்.

அனுபவசாலிகள் புதியவர்களிடம் முதலில் கேட்பது: "உன்கிட்ட வேற போன் இருக்கா?" ஓடிபி, பணம், வேலை எல்லாம் ஒரே போனில் இருந்தால், அதில் கை வைக்காமல் இருப்பதே நல்லது. நோண்டிப் பழக வீட்டு அலமாரியில் தூங்கும் பழைய போனே போதும்!