வீட்டைப் பூட்டிப் புறப்படுமுன்...

தீபாவளிக்கும் பொங்கலுக்கும் உறவினரிடம் போகிறோம். டிசம்பர் பௌர்ணமி முதல் வெசாக் வரை சிவனொளிபாதமலைக்கும் போகிறோம். வீட்டுக்கு யார் காவல்?

இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களில் லயக் காம்பிராக்கள் ஒரே கூரையின் கீழ் உள்ளன. பக்கத்துக் காம்பிரா அக்காவின் கண்தான் முதற் காவல். திரும்பும் நாளை அவரிடம் மட்டும் சொல்லுங்கள். வாசலைத் தினமும் கூட்டிவிடச் சொல்லுங்கள். குப்பை சேர்ந்த வாசல் ஆளில்லை என்று காட்டிக் கொடுக்கும். அலவாங்கு, மண்வெட்டி, ஏணி ஆகியவற்றை வெளியே வைக்காதீர்கள். பின்கதவுக்கு உள்ளே தாழ்ப்பாள் இடுங்கள்.

நகையை விடப் பெரிய சொத்து பத்திரங்கள். 1977, 1983 வன்செயல்களில் இத்தோட்டங்களிலிருந்து உடுத்த துணியோடு வவுனியா, கிளிநொச்சிக்கு ஓடியவர்கள் இதை அறிவார்கள். அடையாள அட்டையைக் கையோடு கொண்டு செல்லுங்கள். பிறப்புச் சான்றிதழ், பிரஜாவுரிமைச் சான்றிதழ், வங்கிப் புத்தகம் ஆகியவற்றின் பிரதிகளை வேறொரு உறவினரிடம் கொடுத்து வையுங்கள்.

பூட்டு உடைந்திருந்தால் உள்ளே போகாமல், எதையும் தொடாமல், 119க்கு அறிவியுங்கள். தமிழில் முறைப்பாடு செய்ய உங்களுக்கு உரிமை உண்டு. சிங்களத்தில் எழுதினால், வாசித்து விளக்கிய பிறகே கையொப்பமிடுங்கள். முறைப்பாட்டின் பிரதியைக் கேட்டு வாங்குங்கள். தொலைந்த அடையாள அட்டைக்குப் பதிலாகப் புதியது எடுக்க அது தேவைப்படும்.