நீர்க்கடுப்பும் நாணமும்

கோடைக்காலம் வந்துவிட்டால் நம் வீடுகளுக்கு நீர்க்கடுப்பும் உடன் வந்துவிடுகிறது. "உஷ்ணந்தான்" என்று சொல்லிக் கால் பெருவிரலில் சுண்ணாம்பைத் தடவிவிட்டுச் சும்மா இருந்துவிடுகிறோம். சரீரத்தில் ஜலம் குறைந்து சிறுநீர் செறிவதால் எரிச்சல் உண்டாவது உண்மையே. தாராளமாகத் தண்ணீர் அருந்தினால் அது தணிந்துவிடும். தணியாவிட்டால் காரணம் வேறு.

பெரும்பாலும் குற்றவாளி, குடலில் வாழும் 'ஈ கோலி' என்னும் கிருமியே. ஸ்திரீகளின் மூத்திரக் குழாய் சுமார் 4 சென்டிமீட்டர் நீளமே உள்ளதால், அது எளிதில் மூத்திரப்பைக்கு ஏறிவிடுகிறது. கல்லடைப்பு, மேக நோய்கள், வயோதிகப் புருஷர்களுக்குப் பிராஸ்டேட் சுரப்பியின் கோளாறு ஆகியவையும் காரணமாகலாம். சிறுநீரைப் பரிசோதித்தாலன்றி இன்னதென்று நிச்சயிப்பது அரிது.

குளிர் ஜுரம், விலாவில் வலி, சிறுநீரில் இரத்தம் ஆகியவை கண்டால் தாமதிக்கலாகாது. கர்ப்பிணிகளும் நீரிழிவுக்காரர்களும் எரிச்சல் கண்டவுடனேயே வைத்தியரிடம் செல்ல வேண்டும். அவர் கொடுக்கும் மருந்தை, எரிச்சல் தணிந்துவிட்டதென்று பாதியில் நிறுத்தலாகாது.

இதைச் சொல்ல நம் பெண்கள் நாணுகிறார்கள். பள்ளிக்கூடத்தில் சுத்தமான கழிப்பிடம் இல்லாமையால், தண்ணீரும் குடியாமல் சிறுநீரையும் அடக்கிக்கொண்டு மாலை வரை உட்கார்ந்திருக்கும் சிறுமியை நினைத்துப் பாருங்கள். 1947-ல் சுதந்திரம் பெற்ற தேசத்தில், அவளுக்கு ஒரு கதவும் ஒரு குடம் ஜலமும் அளிக்காத நாமல்லவா நாண வேண்டும்?